தாய் வரும்வரை

கல்லூரி மாணவர்கள் கிராமங்களுக்குப் போய்த் தொண்டு செய்தால் அவர்களிடம் தலைமைக் குணம் வளரும் என்று மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். உண்மைதான், வளரத்தான் செய்கிறது. ஆனால் வெகுநாளாக ஒரு கேள்வி என்னை உறுத்துகிறது. ஒருவனுடைய வளர்ச்சிக்கு மற்றொருவனுடைய வறுமை படிக்கட்டாகலாமா?

மருங்காபுரி வட்டாரம் திருச்சி மாவட்டத்தில் இருந்தாலும் காவேரிப் பாய்ச்சல் இல்லாத சீமை. வானம் பார்த்த பூமி. அத்தகைய ஊர்களில் மண்வெட்டியும் தொப்பியுமாக வந்து இறங்கும் மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். 1969இல் 37 பல்கலைக் கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது நாட்டு நலப்பணித் திட்டம். இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரத் தொண்டு, ஏழு நாள் முகாம் என்பது அதன் கணக்கு. ஏழு நாளில் ஊர் மாறிவிடாது. மாறுகிறவன் மாணவன்தான். ஒரு குடம் தண்ணீருக்காக வெகுதூரம் நடக்கும் பெண்ணைப் பார்த்து வந்தவன், தன் வீட்டுக் குழாயைத் திறக்கும்போது சற்றே தயங்குவான். நல்ல பாடந்தான். ஆனால் அந்தப் பாடத்துக்குச் சம்பளம் கட்டியவள் அவள் அல்லவா?

கிறிஸ்தவ மாணவர்களில் சிலருக்கு, இதையே வாழ்நாள் ஊழியமாக ஏற்கலாமா என்ற எண்ணமும் இத்தகைய நாட்களில்தான் முளைக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையில் குருப்பட்டத்துக்கு முந்திய பட்டத்துக்குத் தமிழில் 'திருத்தொண்டர்' என்று பெயர். சேக்கிழார் பாடியதும் திருத்தொண்டர் புராணமே. ஸ்ரீரங்கத்தில் நந்தவனம் வைத்துப் பூமாலை கட்டிய ஆழ்வாரோ, தொண்டர்களின் அடிப்பொடி என்றே பெயர் பூண்டார். சமயங்கள் வேறு, சொல் ஒன்று. மேலே ஏறுமுன் கீழே இறங்கு என்கிறது அந்தச் சொல். ஆனால் கீழே இறங்குவதே மேலே ஏறும் தந்திரமாகிவிட்டால்?

வேதநாயகம் சாமுவேல் அசரியாவை நினைத்துக்கொள்கிறேன். திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். மாணவர்களிடையே ஒய்.எம்.சி.ஏ. பணி செய்துகொண்டிருந்த அவர், 1909இல் அதை விட்டுத் தெலுங்கு பேசும் டோர்ணக்கல்லுக்குப் போனார். மறு ஆண்டு எடின்பரோ மாநாட்டில், மேல்நாட்டு மிஷனெரிகளின் தியாகத்தைப் போற்றிவிட்டு, இனி எங்களுக்கு நட்பைத் தாருங்கள் என்று கேட்டார். கொடுக்கிற கை உயர்ந்தும் வாங்குகிற கை தாழ்ந்தும் இருக்கும்வரை நட்புக்கு இடம் ஏது? 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப்பான பிறகு, அவர் கிராமத்தாரிலிருந்தே உபதேசிமார்களையும் குருமார்களையும் பழக்கி எடுத்தார். தலைமை என்பது பிறரைத் தலைவர்களாக்குவது என்று அவர் அறிந்திருந்தார்.

இதை விளக்க அயலூர்க் கதை வேண்டாம். 1883இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு வந்த புனித வளனார் கல்லூரியின் மாணவர்கள் நாள்தோறும் அண்ணாந்து பார்க்கும் மலைக்கோட்டையிலேயே ஒரு கதை இருக்கிறது. காவேரியில் வெள்ளம். அக்கரையில் தாய், இக்கரையில் பிரசவ வேதனையில் மகள். ஈசனே தாயின் உருவில் வந்து பேறு பார்த்தான், தாயுமானவன் ஆனான். வெள்ளம் வடிந்து பெற்றவள் வந்து சேர்ந்தாள், அவன் மறைந்துவிட்டான். அவன் வந்ததைப் போற்றிப் பலரும் பாடியிருக்கிறார்கள். எனக்கோ, அவன் விலகிக்கொண்டதுதான் இன்னும் பெரிதாகப் படுகிறது.

ஒரு கிராமத்துக்கு அந்தக் கிராமத்தாரே தாய். வெள்ளத்தால் தடைப்பட்டிருக்கும் அவர்கள் வந்து சேரும்வரை அந்த இடத்தில் நிற்கிறவனே தொண்டன். வந்தபிறகும் நகராமல் நிற்கிறவன் அதிகாரி. இராப்பள்ளி நடத்துகிற மாணவன் அவ்வூர்ப் பெண்ணொருத்தியை அதை நடத்தப் பழக்கிவிட்டு வண்டி ஏறினால், அவன் கற்ற பாடத்துக்குரிய கடனில் ஒரு பங்கு தீர்ந்தது. தேவாலய ஊழியத்துக்குப் போகிறவனுக்கும் கணக்கு இதுவே. 'நான் போனபின் இதை யார் செய்வார்?' என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். அந்த ஊரிலேயே ஒருவரைக் கைகாட்ட முடியுமானால், அவன் வளர்ந்ததில் குற்றமில்லை. ஊரும் கூடவே வளர்ந்திருக்கும்.