போதகர் வாசிக்கும் நேரம் யாருடையது?

திருநெல்வேலிப் பக்கத்துச் சேகரங்களில் குருவானவர் ஒருவர், சபைகள் பல. ஊரில் அன்றாடம் ஓடியாடுகிறவர் சபை ஊழியர்தான். முற்பகலில் சேகரகுரு விளக்கவுரை நூலோடு உட்கார்ந்திருக்கும்போது யாராவது தேடி வந்தால், "ஐயா வெளிய போயிருக்காங்க" என்று சொல்லி அனுப்புகிறவரும் அவர்தான். இந்தப் பொய்க்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர் யார்? சொன்னவரா, சொல்ல வைத்தவரா?

வாசிப்பு தேவையா என்பதில் வழக்கு இல்லை. ஜான் வெஸ்லி தம் பிரசங்கிமார் தினமும் 5 மணி நேரமாவது வாசிக்க வேண்டும் என்றார். அதில் நாட்டமில்லாதவர் நாட்டத்தை வளர்த்துக்கொள்ளட்டும், இல்லையேல் பழைய தொழிலுக்கே திரும்பட்டும் என்றும் கடிந்துகொண்டார். குதிரையேறி ஊர் ஊராகச் சுற்றியவர் அவர். நேரமில்லை என்ற சாக்கு அவரிடம் செல்லாது. அந்த நேரத்துக்கு விலை கொடுப்பவர் யார் என்பதில்தான் வழக்கு.

அமெரிக்காவின் நார்தாம்ப்டனில் போதகராயிருந்த ஜோனத்தன் எட்வர்ட்ஸ் தினமும் சுமார் 13 மணி நேரம் படிப்பறையில் இருந்தார் என்கிறார் அவரோடு பழகி வரலாறு எழுதிய சாமுவேல் ஹாப்கின்ஸ். நோயாளி கூப்பிட்டால் போவார். மற்றபடி வீடு சந்திப்பு வழக்கமில்லை. குடும்பப் பாரத்தை மனைவி சாரா சுமந்தார். 1731இல் எட்வர்ட்ஸ் வீனஸ் என்ற அடிமைப் பெண்ணை விலைக்கு வாங்கினார். படிப்பறையின் அமைதிக்கு அவளும் உழைத்தாள், கூலியில்லாமல். 1744இல் இளைஞர் சிலர் மருத்துவச்சிகளுக்கான நூலொன்றை வைத்துக்கொண்டு பெண்களைக் கேலி செய்த விவகாரம் எழுந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் யார், சாட்சி யார் என்று பிரிக்காமல் பெயர்களை வரிசையாக ஆலயத்தில் வாசித்துவிட்டார் எட்வர்ட்ஸ். ஊர் கொந்தளித்தது. வீடு வீடாகப் போய்ப் பழகிய போதகர் அப்படி வாசித்திருப்பாரா என்பது சந்தேகமே. 1750இல் சபை அவரை நீக்கியது. உடனடிக் காரணம் திருவிருந்தில் யார் பங்குபெறலாம் என்ற தகராறு என்றாலும், கசப்பு அதற்கு முன்பே ஊறிப் போயிருந்தது. சித்தத்தின் சுதந்திரம் பற்றி அவர் எழுதிய நூல் 1754இல் வந்தது. இறையியல் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். ஆனால் அந்தப் பலனைக் காட்டி வீனஸின் கணக்கை நேர் செய்துவிட முடியாது.

படிப்பறைக்குள் இருக்கும் போதகர்கள் துணைக்கு அழைப்பது அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தை. பந்தி விசாரிப்பை எழுவரிடம் ஒப்படைத்துவிட்டு, அப்போஸ்தலர்கள் ஜெபத்திலும் வசன ஊழியத்திலும் நிலைத்திருந்தார்கள் அல்லவா? உண்மைதான். ஆனால் அதைச் சபையைக் கூட்டிச் சொல்லிவிட்டுச் செய்தார்கள். வாசலில் ஒருவரை நிறுத்திச் சாக்குச் சொல்லவில்லை. அந்த எழுவரில் ஒருவரான ஸ்தேவான் ஆலோசனைச் சங்கத்தின் முன் ஆபிரகாம் தொடங்கி இஸ்ரவேலின் வரலாற்றை எடுத்துரைத்தார். இன்னொருவரான பிலிப்பு எத்தியோப்பிய மந்திரிக்கு ஏசாயாவை விளக்கினார். பந்தி விசாரிக்க வைக்கப்பட்டவர்களுக்கு வேத அறிவு குறைவாக இருக்கவில்லை. இந்தப் பகுதியை மேற்கோள் காட்டுகிறவர்கள் அடுத்த அதிகாரங்களைப் புரட்டுவதில்லை போலும்.

ஆகவே தம் வாசிப்பு நேரத்தைக் குருவானவரே ஆராதனையில் அறிவித்துவிடலாம். முணுமுணுப்பு வந்தால் அதை அவரே வாங்கிக்கொள்ளட்டும். சாவு வீடோ ஆஸ்பத்திரியோ என்றால் எந்நேரமும் கதவைத் தட்ட ஊழியருக்கு உரிமை இருக்க வேண்டும். தட்டியதற்காகப் பேச்சு விழக்கூடாது. இவ்வளவுக்குச் சபைக் கமிட்டி பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஊழியருக்கும் வாரத்தில் ஓர் அரைநாள் படிக்க விட வேண்டும் என்றால்தான் சிக்கல். "சம்பளம் வேலைக்கா, புத்தகம் படிக்கவா?" என்ற கேள்வி வரும். குருவானவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. கிளைச் சபைகளுக்கு அவர் எல்லா ஞாயிறும் வர முடியாது. மற்ற ஞாயிறுகளில் அங்கே பிரசங்கம் செய்கிறவர் இந்த ஊழியர். குருமனையின் அலமாரியில் எத்தனை நூல் இருந்தாலும், அந்த ஊர்க்காரர் காதுக்கு வருவது ஊழியர் படித்தது மட்டும்தான்.