குயவர்கள் எத்தனை பேர்?

என் கிட்டாரின் தலைப்பகுதியில் ஒருகாலத்தில் ஏதோ ஒரு பெயர் இருந்திருக்கிறது. இப்போது பசையின் தடம்தான் மிச்சம். நாகோயாவில் பழைய சாமான் கடை ஒன்றில், பழுதானவற்றைக் குவித்து வைத்திருக்கும் மூலையில் கிடைத்தது. விசித்திரமான வாத்தியம். அக்கூஸ்டிக் கிட்டாரில் கழுத்தை உடலோடு பசை போட்டு ஒட்டுவதுதான் வழக்கம். இதிலோ எலெக்ட்ரிக் கிட்டாரைப்போல, பின்னால் இரும்புத் தகடு வைத்து நான்கு திருகாணிகளால் முடுக்கியிருக்கிறார்கள். கம்பிகளை ஏற்றி இறக்க பிரிட்ஜிலும் இரண்டு திருகு. ஒலித்துளைக்குள் டார்ச் அடித்துச் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தால் ஒரு கிழிந்த லேபிள். அதில் படிக்க முடிவது ‘மேட் இன் ஜப்பான்’ மட்டுமே.

இதைச் செய்தவர் யார்?

சைவ சித்தாந்தம் பேசும் வீட்டில் வளர்ந்தவனுக்கு இது வெறும் பழம்பொருள் விசாரணையாக நிற்காது. பானை என்றால் குயவன் உண்டு; மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று அப்பா விரல் மடக்கிச் சொல்லுவார். உலகமும் தோன்றி, நின்று, ஒடுங்குவது. ஆகவே அதற்கும் கர்த்தா ஒருவன் உண்டு. மெய்கண்டாரின் சிவஞானபோதம் தொடங்குவதே இங்கேதான்.

சரி, கிட்டாரின் குயவனைத் தேடலாம் என்று இறங்கினேன். 1970இல் அமெரிக்க எப்பிஃபோன் கிட்டார்களின் தயாரிப்பு ஜப்பானுக்கு மாறியது. நாகானோ மாநிலத்து மட்சுமோட்டோவில், மட்சுமோகு என்ற ஆலையில் அவை உருவாயின. திருகிய கழுத்து, ஏறி இறங்கும் பிரிட்ஜ் என்று அவற்றில் பலவற்றுக்கும் என்னுடையதற்கும் ஒரே எலும்புக்கூடு. அந்த எப்பிஃபோன்களின் நீல லேபிளைப் பார்க்க வேண்டும்: ஒரே தாளில் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவின் விலாசமும் இருக்கும், ‘மேட் இன் ஜப்பான்’ என்றும் இருக்கும்! எப்பிஃபோன் என்ற பெயரோ நியூயார்க்கில் குடியேறிய கிரேக்கக் குடும்பத்து எப்பமினோண்டாஸ் ஸ்டாத்தோபுலோ என்பவருடையது. அவருக்கும் மட்சுமோட்டோவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த ஆலை சிங்கர் தையல் மிஷின்களுக்கு மரப்பெட்டி செய்துவந்த இடம், 1987இல் மூடிவிட்டார்கள். அக்காலத்து ஜப்பானிய ஆலைகள் பல இப்படித்தான், ஒரே கூரையின் கீழ் பல வியாபாரிகளின் பெயர்களுக்குக் கிட்டார் செய்து கொடுத்தன. ஆக, என் கிட்டார் 1970களில் மட்சுமோட்டோவில் பிறந்திருக்கக்கூடும் என்பதுவரை துணிந்து சொல்லலாம். அதற்கு மேல் குயவனை ஒருமையில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மரம் அறுத்தவர், கழுத்து செதுக்கியவர், வார்னிஷ் அடித்தவர், ஆர்டர் கொடுத்தவர், பெயர் ஒட்டியவர் என்று எத்தனையோ பேர்.

இந்தச் சிக்கலை மெய்கண்டாருக்கு முன்பே ராமானுஜர் எழுப்பிவிட்டார் என்பதுதான் என்னை உறுத்துகிறது. ஸ்ரீபாஷ்யத்தில், பிரம்ம சூத்திரத்தின் மூன்றாவது சூத்திரத்துக்கு உரை எழுதுமிடத்தில் அவர் கேட்கிறார்: நிலமும் மலையும் கடலும் ஒரே காலத்தில் ஒருவனால் செய்யப்பட்டவை என்பதற்கு என்ன சான்று? பலர் பல காலங்களில் செய்திருக்கலாமே? அனுமானத்தால் ஈசுவரன் ஒருவனை நிறுவ முடியாது, சாஸ்திரமே பிரமாணம் என்று முடிக்கிறார். ஒரு வைணவ ஆசாரியர் கடவுளுக்கு ஆதரவான வாதத்தைத் தம் கையாலேயே உடைத்துப் போடுகிற துணிச்சலை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை.

தர்க்கவாதிகளான நையாயிகர்கள் விடமாட்டார்கள். மாளிகை கட்டுவோர் பலரானாலும் திட்டம் போட்ட தலைமைச் சிற்பி ஒருவன்தானே என்பார்கள். என் கிட்டாரின் அகன்ற உடலுக்குத் திட்டம் போட்டது யார் என்று போனால் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி வருகிறது. ட்ரெட்நாட் எனப்படும் இந்த வடிவத்தை 1916இல் முதலில் செய்தவர்கள் அவர்கள். ஆனால் அதை விற்றது டிட்சன் என்ற வியாபார நிறுவனத்தின் பெயரில். மார்ட்டின் தன் பெயரில் அதை வெளியிட்டது 1931இல். போர்க்கப்பலின் பெயரைத் தாங்கிய அந்த முதல் கிட்டாரிலேயே கை ஒருவருடையது, பெயர் இன்னொருவருடையது. தலைமைச் சிற்பியைத் தேடிப் போன இடத்திலும் கூட்டம்தான்.

இதனால் எனக்குச் சிவன்மேல் சந்தேகம் வந்துவிடவில்லை. குயவன்மேல்தான் வந்திருக்கிறது. ‘செய்யப்பட்டது’ என்பதிலிருந்து ‘செய்தவர்கள்’ வரை போகலாம். ‘செய்தவன்’ வரை போகப் பாலம் இல்லை. சித்தாந்தத்திலேயே இதைவிட உரமான வாதம் இருக்கிறது. வினை சடம், செய்தவனைத் தேடிப்போய்த் தானாகப் பலன் கொடுக்க அதற்கு அறிவில்லை, கூட்டுவிக்க அறிவுடைய ஒருவன் வேண்டும். ஓர் உயிரின் கணக்கு மற்ற எல்லா உயிர்களின் கணக்கோடும் பின்னிக் கிடப்பதால், பங்குபோட்டுப் பார்த்துக்கொள்ளும் பலரை அங்கே கற்பனை செய்வது கடினம். ராமானுஜரின் கேள்வி இதையும் அசைக்கும், ஆனால் பானையை உடைத்ததுபோல் உடைக்காது.

வகுப்பெடுக்கும் பெரியவர்களிடம் ஒரு விண்ணப்பம். முதல் நாளே பானையைக் கொண்டுவந்து வைக்காதீர்கள். வினையிலிருந்து தொடங்குங்கள். ‘குயவன் ஒருவன்தானா?’ என்று பின்வரிசைப் பையன் கேட்டால், அவனுக்கு ஸ்ரீபாஷ்யத்தின் அந்தப் பகுதியையும் படிக்கக் கொடுங்கள்.