மொழியின் இன்னோசையும் வன்னோசையும்

இன்ன பாஷை தேன்போல இனியது, இன்ன பாஷை செவிக்குக் கடியது என்று கூறுவார் எத்தேசத்தும் உளர். இத்தாலிய பாஷையை இனியதென்றும் ஜெர்மானிய பாஷையைக் கடியதென்றுஞ் சொல்லுதல் ஐரோப்பாவிற் பழைய வழக்கு. இவ்வினிமையுங் கடுமையும் ஓசையின்கண் உள்ளனவோ, கேட்பார் மனத்தின்கண் உள்ளனவோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

ஓசையில் வேற்றுமை இல்லையென்பது எமது கருத்தன்று. இத்தாலியச் சொற்கள் பெரும்பாலும் உயிரீறாய் முடிவன. ஜெர்மானியச் சொற்களிலோ மெய்கள் பல அடுத்து நிற்றல் மிகுதி. தமிழிலக்கணகாரரும் மெய்களை வல்லினம், மெல்லினம், இடையினம் என மூன்றாக வகுத்தனர். ஆயினும் வன்மை வேறு, இழிவு வேறு. தொல்காப்பியனார் செய்யுளியலில் வண்ணங்களை வகுத்தபொழுது, மெல்லிசை வண்ணத்தோடு வல்லிசை வண்ணத்தையும் ஒப்பவைத்து எண்ணினாரன்றி, ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தினாரல்லர்.

இனி, கேட்பாருடைய தீர்ப்பு எத்தன்மைத்தெனின், 2023 ஆம் ஆண்டு வெளிவந்த ஓராராய்ச்சி அதனை ஒருவாறு விளக்குகின்றது. 228 மொழிகளின் பேச்சொலிகளை, ஆங்கிலம், சீனம், செமித்திய மொழிகள் என்பவற்றைத் தாய்மொழியாகவுடைய 820 பேர் கேட்டு மதிப்பிட்டனர். மொழிகளுக்கிடையே பெரிய ஏற்றத்தாழ்வு காணப்பட்டிலது. தமக்குப் பழகியதென்று தோன்றிய மொழியையே அவர் மிகுத்து விரும்பினர். அங்ஙனந் தோன்றியது பிழையாயினும் விருப்பம் மிகுந்தே நின்றது. ஆகவே, மொழியின் இனிமையென்று நாம் கூறுவதிற் பெரும்பகுதி பழக்கத்தின் இனிமையே என்பது பெறப்படும்.

அற்றேல், இஃது அவரவர் விருப்பமன்றோ, இதனால் வருங் கேடு யாதெனின், கூறுதும். கிரேக்கர் தமக்கு விளங்காத பேச்சுடையாரை, அப்பேச்சின் ஒலியைப் பின்பற்றிப் 'பார்பரோய்' என்றனர். அச்சொல் பின்னர் நாகரிகமில்லாதவர், கொடியவர் என்னும் பொருள்களைத் தந்தது. வடமொழியிலும் தெளிவில்லாத பேச்சைக் குறித்த சொல்லினின்றே 'மிலேச்சர்' என்னும் இகழ்ச்சிப்பெயர் வழங்குவதாயிற்று. செவி கூறிய குற்றம் இவ்வாறு சனங்கள்மேற் சுமத்தப்பட்டது. தன் வீட்டுப்பேச்சுப் பள்ளியில் நகைக்கப்படக் கண்ட பிள்ளை, முன்னர் அப்பேச்சையும், பின்னர் அதனைப் பேசுந் தாயையும் நாணத் தலைப்படும்.

பிங்கல நிகண்டு தமிழென்னுஞ் சொல்லுக்கு இனிமை என்று பொருள் கூறும். அதனைக் கேட்டு மகிழ்தல் நமக்கு உரிமையே. ஆயின், சிங்களத் தாய் தாலாட்டுங்கால் அவள் மகவுக்குச் சிங்களமும் அத்துணை இனிது. நம்முடைய மகிழ்ச்சியை மெய்யென்றும் பிறருடையதை மயக்கமென்றுங் கொள்ளுதல் நடுவுநிலைமையாகாது.

திருவள்ளுவனார் 'இனியவை கூறல்' என்னும் அதிகாரத்தில், இன்சொல்லுக்கு இலக்கணமாக அன்பையும் வஞ்சனையின்மையையுங் கூறினாரன்றி, எழுத்தின் ஓசையைக் கூறிற்றிலர். மென்மையான எழுத்துக்களாலும் ஒருவரை வையலாம். வன்மையான எழுத்துக்களாலும் ஒருவரைத் தேற்றலாம். ஆதலின், அறிவுடையோர் 'இம்மொழி எமக்கு இனிது' என்பதோடு அமைவாராக. 'அம்மொழி இழிந்தது' என்னும் உரையை ஒழிப்பாராக.