கரகரப்பும் கானமும்

பழம்பொருளைத் தேடிச் சேர்ப்போர் எக்காலத்தும் உளர். நாணயம் சேர்ப்பார் சிலர். அஞ்சல் தலை சேர்ப்பார் சிலர். ஏடு சேர்ப்பார் சிலர். அமெரிக்க நாட்டுக் கறுப்பின மக்கள் உலகுக்கு அளித்த ஜாஸ் இசையின் பழந்தட்டுகளைத் தேடிச் சேர்ப்போரும் அவ்வரிசையினரே. அவர்களிடையே நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கொன்று உண்டு. பழைய தட்டில் இசையோடு கலந்து வரும் கரகரப்பை நீக்கலாமா, நீக்கலாகாதா என்பதே அவ்வழக்கு. இதனைப் பொழுதுபோக்குவோரின் வீண்பேச்சென்று தள்ளிவிடுவதற்கில்லை. மாண்டவர் விட்டுச் சென்றதை இருப்பவர் எவ்வாறு போற்றவேண்டும் என்னும் அறவினா அதனுள் அடங்கிக் கிடக்கிறது. அதனை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண், தட்டு பிறந்த வகையை அறிதல் வேண்டும். 1925-ஆம் ஆண்டுக்கு முன் இசைத்தட்டுப் பதிவில் ஒலிவாங்கி வழக்கத்துக்கு வரவில்லை. வாசிப்போர் பெரியதொரு கூம்பின்முன் நிற்பர். அவர்தம் ஒலி மெல்லிய தகடொன்றை அசைக்க, அதனோடு இணைந்த ஊசி மெழுகில் வரி கீறும். அவ்வரியினின்றும் எடுத்த அச்சைக் கொண்டு அரக்குத் தட்டுகள் அமைக்கப்பட்டன. அவ்வரக்கிற் பெரும்பகுதி இந்திய நாட்டு மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரந்தது. அரக்கோடு கற்பொடியும் கலப்பர். அப்பொடியின்மீது எஃகு ஊசி உராய்வதால் எழுவதே தட்டின் சீறல். ஆகவே, இரைச்சல் தட்டோடு உடன்பிறந்தது. பழமை அதனை வளர்த்தது.

1923-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், இண்டியானா மாநிலத்து ரிச்மண்டு நகரில் கென்னெட் நிறுவனத்தார் ஒரு பதிவு செய்தனர். கிங் ஆலிவர் என்னும் கார்னெட் கலைஞரும் அவர்தம் கிரியோல் ஜாஸ் குழுவினரும் கூம்பின்முன் நின்றனர். இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஊதொலி மிக வலிதாயிருந்தமையின் அவரைத் தொலைவில் நிறுத்தினர் என்று, பியானோ வாசித்த லில் ஹார்டின் பின்னாளில் கூறினார். பெருமுழவின் அதிர்ச்சியை அக்கருவி தாங்காது. அதனால் முழவுக் கலைஞர் பேபி டாட்ஸ் மரக்கட்டைகளைத் தட்டியே தாளம் காத்தார். பதிவுக் கூடத்தை ஒட்டி இருப்புப்பாதை சென்றது. வண்டி வரும்போதெல்லாம் பதிவை நிறுத்த வேண்டியிருந்தது. இன்று அத்தட்டைச் சுழலவிட்டால், கானம் மழைக்கப்பால் நின்று பேசுவாரின் குரல்போல் கேட்கிறது.

"நீக்குக" என்பார் கூறுவது யாது? "கலைஞன் வாசித்தது கானம், கற்பொடி வாசித்தது கரகரப்பு. கலைஞன் வாசியாததைக் களைவதில் குற்றம் என்ன? புதிதாய்க் கேட்க வரும் இளைஞன் இரைச்சலைக் கேட்டு ஓடிவிட்டால், அக்கலைஞன் இரண்டாம் முறை இறந்தவனாகானா?" என்பர். இது நியாயமே.

"நீக்கற்க" என்பார் கூறுவது யாது? "களை பறிப்பவன் பயிரையும் பிடுங்குகிறான். கிளாரினெட்டின் நுண்ணொலியும் வெண்கலத் தாளத்தின் மினுக்கமும் சீறல் உறையும் இடத்திலேயே உறைகின்றன. சீறலை அறுக்கும் கத்தி அவற்றையும் அறுக்கும். எஞ்சுவது போர்வைக்குள் வாசித்தது போன்ற மங்கிய ஒலி" என்பர். இதுவும் நியாயமே. 1980-களில் ஆஸ்திரேலியப் பொறியாளர் ராபர்ட் பார்க்கர் பழைய ஒற்றைவழிப் பதிவுகளை இருவழி ஒலியாக மாற்றி வெளியிட்டபோது, பலர் மகிழ்ந்தனர், பலர் சினந்தனர். இன்று கணிப்பொறி அக்கத்தியை மேலும் கூர்மையாக்கியுள்ளது. கத்தி கூரியதாயிற்று, அதனைப் பிடித்த கைக்கு எங்கே நிறுத்துவதென்னும் கேள்வி மட்டும் மாறவில்லை.

இரு திறத்தாரும் மறந்தது ஒன்றுண்டு. தட்டில் இருப்பது அன்று அவ்வறையில் எழுந்த இசை முழுதும் அன்று. முழவு அதில் இல்லை. ஆம்ஸ்ட்ராங் நின்றதோ தொலைவில். எனவே, தட்டே மெய் என்று பிடிவாதம் செய்வதும் பிழை. தட்டைத் திருத்தி மெய்யைப் படைத்துவிட்டேன் என்று பெருமை பேசுவதும் பிழை. தட்டு ஒரு சாட்சி. சாட்சி திக்கித் திக்கிப் பேசலாம். அவன் சொல்லைத் தெளிவாகக் கேட்க முயல்வது நீதி; அவன் சொல்லாததை அவன் வாயில் இடுவது அநீதி.

ஆயினும், சில திருத்தங்கள் கடமையாகின்றன. மைல்ஸ் டேவிஸ் 1959-இல் வெளியிட்ட 'கைண்ட் ஆஃப் புளூ' என்னும் இசைத்தட்டின் முதற்பக்கம், பதிவுக் கருவியின் வேகப் பிழையால் உண்மைச் சுருதியினும் சற்று உயர்ந்து ஒலித்தது. உலகம் அதனையே கேட்டுப் பழகியது. 1990-களில் அது திருத்தப்பட்டது. பழகிய பிழையைக் காட்டிலும் பழகாத உண்மை மேலானதன்றோ?

நம் முன்னோர் ஏடு பதிப்பித்த முறை இதற்கு வழிகாட்டும். நல்ல பதிப்பாசிரியர், செல்லரித்த இடத்தில் தம் சொல்லைச் செருகிவிட்டு வாளாவிருப்பதில்லை, புள்ளியிட்டுக் காட்டுவார், பாடபேதத்தை அடியில் தருவார். ஒலியிலும் அவ்வறமே வேண்டும். மூலத்தைத் தீண்டாமல் ஒரு படி. துலக்கியது ஒரு படி. துலக்கியவர் இன்னது செய்தார் என்னும் குறிப்பு ஒன்று. இம்மூன்றும் இருப்பின் வழக்கிற் பாதி தீர்ந்தது.

மற்றொரு பாதி சேர்ப்பவன் உள்ளத்தைப் பற்றியது. சார்லி பார்க்கரின் சாக்ஸபோன்மீது தீராக் காதல்கொண்ட டீன் பெனடெட்டி என்பவர், 1947, 1948-ஆம் ஆண்டுகளில் அரங்குதோறும் சென்று பதிவு செய்தார். பார்க்கர் வாசிக்கும்போது கருவியை ஓட்டுவார். பிறர் வாசிக்கும்போது பெரும்பாலும் நிறுத்திவிடுவார். அவர் காத்தது பெரிது. அவர் கைவிட்டதும் பெரிது. பில் சேவரி என்னும் பொறியாளர் 1930-களின் பிற்பகுதியில் வானொலி நிகழ்ச்சிகளை ஏராளமான தட்டுகளில் பதித்து வைத்தார். அவர் 2004-இல் மறைந்தார். 2010-இல் ஹார்லெமிலுள்ள தேசிய ஜாஸ் அருங்காட்சியகம் அவற்றைப் பெற்றது. அதற்குள் அவற்றுட் சில சிதைந்துபோயின. பூட்டிய பெட்டியில் கிடக்கும் இசை யாருக்கு இசை? 1923 தட்டுகளின் உரிமைக் கட்டு, அமெரிக்காவில் 2018-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 2024-ஆம் ஆண்டின் முதல் நாளன்று அவிழ்ந்தது. சட்டம் அவிழ்த்த கட்டைச் சேர்ப்பவன் பேராசை மீண்டும் கட்டலாமா?

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். கிங் ஆலிவரின் கதி என்னாயிற்று? ஈறு நோயால் ஊதும் ஆற்றல் குன்றியது. ஜார்ஜியா மாநிலத்துச் சவானா நகரில், பில்லியர்ட்ஸ் கூடமொன்றில் துப்புரவுப் பணி செய்து, வறுமையிலேயே 1938-இல் மாண்டார். அவர் தட்டை வார்த்த அதே கென்னெட் நிறுவனம், கறுப்பினத்தாரை ஒடுக்கிய கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தாருக்கும் கூலிக்குத் தட்டு வார்த்துக் கொடுத்தது. ஊசி நிறம் பார்க்கவில்லை, உலகம் பார்த்தது. இன்று அவர் தட்டின் நல்ல படிக்கு விலை மிகுதி. தட்டு கருவூலம் புகுந்தது. தட்டில் ஊதியவர் கூடம் துப்புரவு செய்தார். கரகரப்பைப் பற்றி இரவெல்லாம் வாதிடும் அன்பர், இவ்வொரு செய்தியையும் தம் வாதத்தில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒலியின் தூய்மையைத் தேடுவோர்க்கு உள்ளத்தின் தூய்மையும் வேண்டுமன்றோ?

நியூ ஆர்லியன்ஸின் பட்டி போல்டன் ஜாஸின் முன்னோடி எனப் போற்றப்படுபவர். அவர் வாசிப்பு ஒரு தட்டிலேனும் நமக்கு எஞ்சவில்லை. அவர்க்குக் கரகரப்புமில்லை, கானமுமில்லை. வெறும் பேர் மட்டுமே உண்டு. கிதார்க் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் 1942-இல், தம் இருபத்தைந்தாம் வயதில் இறந்தார். முந்திய ஆண்டில் ஜெரி நியூமன் என்னும் மாணவர் ஹார்லெமின் மின்டன் விடுதிக்கு எளிய கருவியொன்றைச் சுமந்து சென்றார். அதனாலன்றோ அவ்விளைஞர் அங்கு நள்ளிரவில் வாசித்ததை நாம் கேட்கிறோம்! அப்பதிவில் பேச்சொலி உண்டு, சந்தடி உண்டு. உண்டெனினும் என்? அக்குறைகளோடுதான் அக்கலைஞர் நம்மிடம் வந்து சேர்ந்தார்.

ஆதலின், துலக்குக; ஆனால் துலக்கியதை மறையாதே. சேர்க்க, ஆனால் பூட்டி வையாதே. கரகரப்பை நீக்க வல்லவன் நீக்கட்டும். நீக்கவொண்ணாத இடத்தில் செவி பொறுக்கட்டும். அறியாமையும் வறுமையும் இனப்பகையும் சூழ்ந்த உலகில், அம்மனிதர் அவ்வளவு இரைச்சலையும் பொறுத்துக்கொண்டு வாசித்தார்கள். மூன்று நிமிடம் பொறுத்துக் கேட்க நம்மால் இயலாதா?