கண்ணால் காணாத எண்



"பெரியவர்கள் சொன்னார்கள் என்பதற்காக ஒன்றை நம்பலாமா?" என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்கட்டும். அறியும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என்று மூன்றாகச் சொல்வது சைவ சித்தாந்தம். கண்ணால் பார்ப்பது காண்டல். புகையைக் கொண்டு நெருப்பை அறிவது கருதல். நம்பத் தகுந்தவர் வாக்கு உரை. இம்மூன்றும் ஓர் எண்ணின் வரலாற்றில் வருவதை இங்கே எழுத விரும்புகிறோம்.

ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்ணைத் தமிழகத்தில் பகா எண் என்பர். இலங்கைப் பாடநூல்களில் முதன்மை எண். மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி 1644இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். அறுபத்தேழு இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் 21 இலக்க எண் பகா எண் என்பது அதில் ஒன்று. நிரூபணம் தரவில்லை. மறுப்பு வர 232 ஆண்டுகள் ஆயின.

1876இல் லூக்காஸ் என்பவர் அது பகா எண் அல்ல என்று காட்டினார். வேடிக்கை என்னவென்றால், எந்த எண்ணால் வகுபடும் என்பது அவருக்கே தெரியாது! வகுபடும் என்பது மட்டும் உறுதி. புகை தெரிந்தது, நெருப்பு தெரியவில்லை.

1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் கூட்டம் நடந்தது. பிராங்க் நெல்சன் கோல் கரும்பலகையில் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கிக் காட்டினார். விடை 147573952589676412927, அதாவது அந்த எண்ணேதான். ஒரு வார்த்தையும் பேசாமல் வந்து அமர்ந்தார் என்றும், சபை கைதட்டியது என்றும் சொல்வார்கள். அவருடைய மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயினவாம்.

2024 அக்டோபரில் லூக் டுராண்ட் கண்ட பகா எண்ணுக்கு வருவோம். 13,62,79,841 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தது; 4,10,24,320 இலக்கங்கள். விநாடிக்கு ஓர் இலக்கமாக உறங்காமல் வாசித்தாலும் சுமார் 475 நாட்கள் வேண்டும். லூக்காஸின் முறையை லேமர் திருத்தியமைத்தார். அதைக் கணினியில் ஓட்டியே இது பகா எண் என்று உறுதி செய்தார்கள். நமக்குக் கிடைப்பது உரை மட்டுமே.

அப்படியானால் 1644க்கே திரும்பிவிட்டோமா? இல்லை என்பது எமது எண்ணம். மெர்சென் முடிவை மட்டும் சொன்னார். இங்கே வழியும் சொல்லப்பட்டிருக்கிறது. வேறு கணினிகளில், வேறு நிரல்களால் சரிபார்த்த பிறகே அறிவித்தார்கள். வசதியுள்ள எவரும் மறுபடி சோதிக்கலாம். நாம் சோதிக்கப் போவதில்லை என்பது வேறு விஷயம்; மருத்துவர் தரும் மாத்திரையையும் அப்படித்தானே விழுங்குகிறோம்!

நம் பெரியவர்களும் முடிவோடு வழியையும் சொல்லித்தான் சென்றார்கள். ஆனால் அவ்வழியில் நடந்தவர் கண்டதைக் கரும்பலகையில் எழுதி மற்றவருக்குக் காட்ட இயலாது. இந்த வேற்றுமையைப் பிள்ளைகளிடம் மறைப்பது சரியன்று. மறைத்தால் அவர்கள் எண்ணையும் நம்புவார்கள், நம்மை நம்பமாட்டார்கள்.

கோல் செய்த பெருக்கல் சாதாரணக் கால்குலேட்டரில் அடங்காது. தாளும் பென்சிலும் எடுத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். மேலே நாம் அச்சிட்ட எண்களில் அச்சுப்பிழை இருந்தால் அதுவும் தெரிந்துவிடும்.