தலைமையின் செவி

பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்த நம்மில் பெரும்பாலோர் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் பணிபுரிகிறோம். தவறொன்று கண்ணில் படும்போது அதைச் சொல்வதா, வாய்மூடி இருப்பதா என்னும் தயக்கம் நமக்குப் புதிதன்று. வீட்டு வாடகையும் பிள்ளைகளின் படிப்பும் நினைவுக்கு வர, சொல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. இதனைக் கோழைத்தனம் என்று கூறிவிடுதல் எளிது. ஆயினும், அம்மௌனத்திற்கு மௌனம் காப்பவர் மட்டுமே பொறுப்பாளரா என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

1986 ஜனவரி 27ஆம் நாள் இரவு. அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் மறுநாள் புறப்பட இருந்தது. அதன் உந்து ராக்கெட்டுகளைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள், கடுங்குளிரில் இணைப்புகளின் ரப்பர் வளையங்கள் சரிவர அடைக்கமாட்டா என்று எச்சரித்தனர். விண்வெளித்துறை அதிகாரிகள் அதனை ஏற்கவில்லை. நிறுவன மேலாளர்களும் எச்சரிக்கையை ஒதுக்கி இசைவளித்தனர். மறுநாள், புறப்பட்ட 73 வினாடிகளில் கலம் சிதைந்தது, எழுவர் மாண்டனர். அங்கே சொல்ல வாய் இருந்தது. கேட்கச் செவி இல்லை.

நம் நாட்டிலோ வேறொரு காட்சியைக் காண்கிறோம். 1979 ஆகஸ்டு 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்ற எஸ்.எல்.வி.-3 வங்கக்கடலில் வீழ்ந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். ஆயினும் செய்தியாளர் முன் தோல்விக்குப் பொறுப்பேற்றவர் விண்வெளி ஆய்வு நிறுவனத் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18இல் வெற்றி கிட்டியபோதோ, கலாமையே அவர் பேசச் செய்தார். கலாம் இதனைப் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்தார். தோல்வியைத் தம் தோளில் ஏற்கும் தலைவரிடம் குறையைச் சொல்ல எவர் அஞ்சுவர்?

சொல்ல வேண்டிய கடமை பணியாளருக்கு இல்லை என்பதன்று நம் கருத்து. இருவரும் இழக்கக்கூடியதை நிறுத்துப் பார்ப்போம். கேட்பதால் தலைவர் இழப்பது சிறிது செருக்கு. சொல்வதால் பணியாளர் இழக்கக்கூடியது வாழ்க்கை. ஆகவே பொறுப்பின் பெரும்பங்கு வலியவரையே சாரும். செவிக்குக் கசப்பதையும் பொறுத்துக் கேட்கும் பண்பினைத் திருக்குறள் இறைமாட்சி அதிகாரத்தில் வைத்ததன் நுட்பமும் இதுவே.

இன்று நம்மிற் பலருக்குக் கீழே இளைஞர் சிலரேனும் பணிபுரிகின்றனர். குறை சொல்ல அவர்கள் வரும்போது நம் முகம் சுளிக்கிறதா, மலர்கிறதா? அடுத்த முறை அவர்கள் வருவதும் வராமற்போவதும் அதனைப் பொறுத்ததே.