அங்கணத்திலும் அறம்



நீரை வடிகட்டிப் பருகுகிறோம். கதிரவன் மறையுமுன் உண்கிறோம். உண்ட கலம் கழுவும் இடத்தை எண்ணுகிறோமா? அன்று அங்கணம் பின்கட்டில் இருந்தது. வெயிலே அதனை உலர்த்தியது. இன்று எவர்சில்வர் தொட்டியாய் அடுக்களைக்குள் வந்துவிட்டது. வெயில் செய்த பணி இனி நம்முடையது.

சில திங்களுக்கு முன், சோறு வடித்த கொதிகஞ்சியை யாம் தொட்டியில் சாய்த்தோம். வடிவாயிலில் மொய்த்திருந்த எறும்புகள் அக்கணமே மடிந்தன. கொல்லும் எண்ணம் எமக்கில்லை. ஆயினும், முதல்நாள் இரவே எச்சிலை விட்டுவைத்து அவற்றை அழைத்தவர் யாமே. உமாசுவாமி முனிவர் இம்சைக்குக் காரணமாய்க் காட்டியது பிரமாதம் என்னும் சோர்வையன்றோ?

ஆதலின், தொட்டி வாங்குங்கால் பளபளப்பில் மயங்காதீர். மூலைகள் வளைந்து, அடித்தளம் வடிவாயில் நோக்கிச் சரிந்திருப்பின் நீர் தேங்காது. வடிவாயிலுக்குச் சல்லடை வேண்டும். கீழே வளைகுழாய் அமைப்பின் சாக்கடை நாற்றமும் பூச்சிகளும் மேலேறா.

அந்திக்குமுன் கலங்களைக் கழுவித் தொட்டியின் ஈரத்தைத் துடையுங்கள். எறும்பைக் கண்டால் மென்துணியால் ஒதுக்கிய பின்னரே குழாயைத் திறவுங்கள். கொதிநீரை ஆறவிட்டு ஊற்றுங்கள். அமிலம் வேண்டா, அது உயிரையும் கொல்லும், எவர்சில்வரையும் அரிக்கும். சொட்டும் குழாயை உடனே செப்பனிடுங்கள். நீரும் ஓரறிவுயிரின் உடலே.

இன்றிரவு உறங்குமுன் தொட்டியைத் தொட்டுப் பாருங்கள். கை நனையாதாயின், அன்றைய அடுக்களை நோன்பு நிறைவுற்றது.

அறம் வளர்க!